ஆந்தைக்கு இருநூறு மீட்டர்

சரணாலயத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மொத்தம் மூன்று. கழிவறை எங்கே, காபி கிடைக்குமா, இங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா. மூன்றாவது கேள்வியை, ஆயிரம் பறவைகள் உட்கார்ந்திருக்கும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பார்கள். "இருக்குங்க, அப்படியே பின்னாடி திரும்புங்க" என்று சொல்வதற்கு என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

பதவியின் பெயர் பார்வையாளர் சேவை மற்றும் சூழல் கல்வி உதவியாளர். அடையாள அட்டையில் அவ்வளவும் அடங்கவில்லை. 'பார்வையாளர்' என்பதோடு அச்சு நின்றுவிட்டது. முதல் ஒரு மாதம் காவலர் என்னைத் தினமும் மாலை ஐந்து மணிக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

காவலரை எல்லோரும் விசில் அண்ணன் என்போம். அவர் பேசுவதைவிட ஊதுவது அதிகம். பதிலுக்கு அவர் என்னை 'வரவேற்பு' என்று கூப்பிடுவார். "டேய் வரவேற்பு, அங்க ஒரு குடும்பமே தண்ணிக்குள்ள இறங்குது, போய் வரவேற்றுக் கூட்டிட்டு வா."

இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இதற்கு முன் மூன்று வேலைகளைப் பிடிக்கவில்லை என்று சொல்லி விட்டுவிட்டு வந்தவன் நான். உண்மையில் அந்த மூன்றும்தான் என்னை விட்டன. இப்போது பிடித்திருக்கிறது என்று சொன்னால் சந்தேகப்படுவார்கள்.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் திங்கட்கிழமையோடு முடிய இருந்தது. அன்றைக்கு மேடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நான் நிரந்தரம். மேடம்தான் எங்கள் சரணாலயத்தின் தலைமை அலுவலர். குரலை உயர்த்தாதவர். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

அதற்குள் நான் இரண்டு தவறுகள் செய்திருந்தேன். ஒன்று, வழிகாட்டித் துண்டுப்பிரசுரத்தில் வரைபடத்தைத் தலைகீழாக அச்சிடக் கொடுத்தது. கழிவறையைத் தேடிப் போன நாற்பது பேர் மதகடியில் போய் நின்றார்கள். இரண்டு, பைனாகுலர் இரவல் கொடுக்கும்போது வாங்கி வைக்கும் அடையாள அட்டைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிக் கொடுத்தது. ஒரு நடுவயதுத் தம்பதி வேறு இரண்டு பேராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதிலும் கணவர் மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தார்.

இரண்டாவது முறை மேடம் என்னைக் கூப்பிட்டு, "மூணாவது வேண்டாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். நானும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து முப்பது பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு 'பொருந்தாப் பொருள்' விளையாட்டு வைத்தேன். இயற்கையில் இல்லாத பதினைந்து பொருள்களைப் பாதையோரமாக ஒளித்து வைத்துவிட வேண்டும். பிள்ளைகள் வாயைத் திறக்காமல் நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு ஸ்பூன், பல் துலக்கும் பிரஷ், நீலநிறத் துணிக் கிளிப், ஒரு ஜோடிக் கையுறை, இப்படி. சும்மா நடக்கச் சொன்னால் எதையும் பார்க்காத பிள்ளைகள், ஸ்பூனைத் தேடும்போது சிலந்தி, தவளை, பாம்புச் சட்டை என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். அதுதான் சூட்சுமம்.

அந்தப் பதினைந்தில் கடைசி, பிளாஸ்டிக் ஆந்தை. அலுவலகக் கூரையில் புறாக்களை விரட்டுவதற்காக வாங்கியது. புறாக்கள் முதல் நாள் அதைப் பார்த்தன. இரண்டாம் நாள் அதன் தலையில் உட்கார்ந்தன. வேறு எந்தப் பிரிவிலும் சரிப்படாதவற்றைக் கல்விப் பிரிவுக்கு மாற்றுவது எங்கள் அலுவலக வழக்கம். ஆந்தையும் அப்படி வந்தது. நான் எப்படி வந்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

ஆந்தையை ஏரியோரப் பலகைப் பாதையின் மூன்றாம் வளைவில், பட்டமரத்தின் கிளையில், ஏணி வைத்து ஏறிக் கம்பியால் கட்டினேன். முன்னால் கொடி ஒன்று படர்ந்து பாதி முகத்தை மறைத்தது. ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது. என் வேலையில் எனக்கே பெருமையாக இருந்த தருணங்கள் குறைவு. அது ஒன்று.

பிள்ளைகள் இரண்டாம் வளைவுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. முப்பது பேரையும் கூரைக்குக் கீழே ஓட்டிக்கொண்டு போய், தலையெண்ணி, பேருந்தில் ஏற்றிவிட்டு, நனைந்துகொண்டே பொருள்களைப் பொறுக்கினேன். பதினைந்து வந்தது. பதிவேட்டில் 'கொண்டுசென்றவை 15, திரும்பியவை 15' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒளித்து வைக்கும்போது கையுறை ஜோடியை ஒன்று என்று எண்ணினேன், பொறுக்கும்போது இரண்டு என்று எண்ணினேன். இது எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை காலை பார்வையாளர் மையத்தின் கதவைத் திறக்கும் முன்பே பல் டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றவர். தினமும் தன் முக்காலியும் பெரிய தொலைநோக்கியுமாக வந்து, பார்த்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுவார். வட்டாரத்தில் எந்தப் பறவையைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அவர் சொல்வதே முடிவு. அன்றைக்கு அவர் முகம் சிவந்திருந்தது.

"மேடம் வந்துட்டாங்களா?" என்றார், கிசுகிசுப்பாக.

"என்ன டாக்டர், உடம்பு சரியில்லையா?"

"மூணாவது வளைவு. பட்டமரம். பெரிய மீன்பிடி ஆந்தை." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார். "இருபது வருஷமா இந்த ஏரியில யாரும் பாக்கல தம்பி."

எனக்கும் புல்லரித்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மேடத்தின் அறையில் அவர் கேமராவைக் காட்டினார். விடியற்காலைப் பனி, சாம்பல் நிறம், கொடிக்கு நடுவில் ஒரு காது, ஒரு மஞ்சள் கண்.

"எத்தனை தடவை பாத்தீங்க?" என்றார் மேடம்.

"நேத்து காலைல, நேத்து சாயங்காலம், இன்னிக்குக் காலைல. அதே கிளை, அதே இடம். இம்மி நகரல."

"நகரவே இல்லையா?"

"நகரல."

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப அடைகாக்குது."

அறையில் இருந்த மூன்று பேரும் மரியாதையாக ஒரு நிமிடம் பேசாமல் இருந்தோம்.

அரிய பறவை அடைகாத்தால் இரண்டு பக்கமும் இருநூறு மீட்டருக்கு ஆள் நடமாட்டம் கூடாது என்பது விதி. எங்கள் பலகைப் பாதையின் மொத்த நீளமே நானூறு மீட்டர். மூன்றாம் வளைவு சரியாக அதன் நடுவில். எனவே பாதை முழுதும் மூடப்பட்டது. விசில் அண்ணன் கயிறு கட்டினார். மேடம் என்னிடம் இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, 'அமைதி, பறவை அடைகாக்கிறது' என்று படத்தோடு ஒரு அறிவிப்புப் பலகை. இரண்டு, தலைமையகத்துக்குப் போகும் அறிக்கையில் பொதுமக்களுக்காக எளிய நடையில் ஒரு பத்தி.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடுத்துடு. அதைச் சேத்துதான் அனுப்பணும்."

பலகையை முதலில் எடுத்துக்கொண்டேன். எழுத்து நன்றாக வந்தது. ஆந்தைதான் வரவில்லை. வரைந்து பார்த்தால் கோபமான பூசணிக்காய் போல இருந்தது. சரி, நம்மிடம்தான் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்து வரைவோம் என்று கல்விப் பிரிவு அலமாரியைத் திறந்தேன்.

ஸ்பூன் இருந்தது. பிரஷ் இருந்தது. கிளிப் இருந்தது. வலது கையுறை இருந்தது. இடது கையுறை இருந்தது.

அலமாரியைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. மறுபடியும் இரண்டு கையுறைகள்தான் இருந்தன.

தரையில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். நிரந்தரமாவதற்கு நான்கே நாள் இருக்கும்போது ஒருவன் நானூறு மீட்டர் பாதையைப் பிளாஸ்டிக்கை அடைகாக்க விட்டு மூடியிருக்கிறான். இது மூன்றாவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. முதல் இரண்டையும் ஒன்றாகக் கூட்டினாலும் இதன் முழங்கால் உயரத்துக்கு வராது.

வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நாளைக்கு விடியற்காலையில் யாரும் வரும் முன் ஏணியோடு போய்க் கழற்றிவிட வேண்டியது. ஆந்தை பறந்துவிட்டது என்று உலகம் நம்பிக்கொள்ளும். உலகம் இதைவிடப் பெரியதையெல்லாம் நம்பியிருக்கிறது.

இந்த முடிவு ஏறத்தாழ இருபது நிமிடம் நிம்மதியாக இருந்தது. அப்போது அக்கா போன் செய்தாள்.

அக்கா ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமை அவள் வகுப்பு எங்கள் சரணாலயத்துக்கு வருவதாக ஏற்பாடு. பதினோரு பிள்ளைகள், அதில் நான்கு பேர் சக்கர நாற்காலியில். சாய்பலகை வைத்த வேன் கிடைப்பதற்கு நான்கு மாதம் காத்திருந்தாள். எங்கள் இடத்தில் மற்ற பாதைகள் எல்லாம் சரளைக்கல்லும் படிக்கட்டும். சக்கரம் போகக்கூடியது பலகைப் பாதை ஒன்றுதான்.

"டேய், சனிக்கிழமைக்கு எல்லாம் ரெடிதானே? ஒவ்வொருத்தனும் பையைக் கட்டி வெச்சுட்டுத் தூங்குறானுங்க. ஒருத்தி ரெண்டு நாளா பைனாகுலர் பிடிக்கறதுக்குக் கை பழக்கறா."

"அக்கா, பாதையை மூடிட்டாங்க."

"எந்தப் பாதையை?"

"பலகைப் பாதை. ஆந்தை அடைகாக்குது."

"எத்தனை நாளைக்கு?"

"முப்பத்தஞ்சு நாளாம்."

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து அவள் திட்டை வைத்துத்தான் நான் என் உயரத்தையே அளந்துகொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அவள் திட்டவில்லை.

"பாவம், அதுவும் குஞ்சு பொரிக்கணும்ல" என்றாள். "சரிடா. பிள்ளைங்க கிட்ட நானே சொல்லிக்கறேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சொல்லாம வெச்சிருக்கேன். ஏதாவது மாறினா போன் பண்ணு."

போனை வைத்துவிட்டாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டிய பத்தியை நான் எழுதவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். 'குட்டித் தோழர்களே' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஏணியும் இடுக்கியுமாகக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். பலகைகள் ஈரமாக இருந்தன. மூன்றாம் வளைவில் ஏணியைச் சாய்த்து, ஏறி, கொடியை விலக்கினேன். ஆந்தை என்னைப் பார்த்தது. இரண்டு நாள் மரியாதை கிடைத்ததில் அதன் முகத்தில் ஒரு தோரணை வந்திருந்தது. கம்பியில் இடுக்கியை வைத்தேன்.

"டேய்!"

கத்தல் இல்லை. கிசுகிசுப்பாகவே கத்துவது எப்படி என்று அன்றுதான் கேட்டேன். கீழே விசில் அண்ணன் நின்றிருந்தார். விசிலை உதடு வரை கொண்டுபோயிருந்தார். ஊதினால் பறவை பயந்துவிடும் என்பதால் மெதுவாக இறக்கினார். காலில் செருப்பு இல்லை, கையில் வைத்திருந்தார்.

"இறங்குடா வரவேற்பு! முட்டை திருடவா வந்த? ஜெயில்டா இதுக்கு!"

"அண்ணே, இது பிளாஸ்டிக்" என்றேன், நானும் கிசுகிசுப்பாக.

"எது?"

"ஆந்தை."

"மெதுவா பேசு, அதுக்குக் கேக்கப்போகுது."

"அண்ணே, அதுக்குக் கேக்கவே கேக்காது. பாருங்க." ஆந்தையின் தலையில் இடுக்கியால் இரண்டு தட்டுத் தட்டினேன். காலி டப்பா சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது.

விசில் அண்ணன் செருப்பைக் கீழே போட்டார். அப்புறம் மெதுவாகப் போட்டுக்கொண்டார். ஒரு கால், இன்னொரு கால். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நேத்து மத்தியானத்துல இருந்து ஆறு மணி நேரம் அந்தப் புதருக்குள்ள உக்காந்திருந்தேன்" என்றார். "கொசு. ஒரு கொசுவக்கூட அடிக்கல, சத்தம் வருமேன்னு. அது என்னைத் திரும்பிப் பாத்துச்சுடா."

"பாத்திருக்காது அண்ணே."

"பாத்துச்சுன்னு என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ அவங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னா."

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். விளையாட்டு, மழை, கையுறை, அக்கா, சனிக்கிழமை, திங்கட்கிழமை. முடிந்ததும் அவர் கழுத்தில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டார்.

"சரி. நான் எதையும் பாக்கல. எடுத்துட்டுப் போய் அலமாரில வெச்சுடு. பறந்துடுச்சுன்னு சொல்லிடலாம்."

"நானும் அதைத்தான் நெனச்சேன் அண்ணே."

"ஆனா ஒண்ணு." அவர் சட்டைப் பையிலிருந்து விதிமுறைக் கையேட்டை எடுத்தார். காவலர்களில் அதைப் பையில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான், படித்தவரும் அவர் ஒருவர்தான். "தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போயிட்டா, திரும்பி வருதான்னு ஏழு நாள் காத்திருக்கணும். அதுவரைக்கும் பாதை மூடித்தான் இருக்கும். போட்டிருக்கான்."

"ஏழு நாளா?"

"ஏழு."

சனிக்கிழமை மறுநாள். ஆந்தை பறந்தால் பாதை திறக்காது. ஆந்தை செத்தாலும் விசாரணை முடியும் வரை திறக்காது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பதினோரு பிள்ளைகள் உள்ளே போக வேண்டும் என்றால், ஆந்தை ஒருநாளும் உயிரோடு இருந்திருக்கவில்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது யார் என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏணியின் மேல் இருந்தவன் ஒருவன்தான்.

கம்பியை நறுக்கி ஆந்தையைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வரட்டுமா நானும்?" என்றார் விசில் அண்ணன்.

"வேண்டாம் அண்ணே. உங்களையும் சேத்துத் திட்டுவாங்க."

"அதுவும் சரிதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார். ஆனாலும் மேடத்தின் அறை வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. கதவிடுக்கில் அவர் செருப்பு தெரிந்துகொண்டே இருந்தது.

மேடம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வா தம்பி. அந்தப் பத்தி எங்க?"

நான் ஆந்தையை எடுத்து மேசை மேல் வைத்தேன். வைத்த வேகத்தில் அது கொஞ்சம் ஆடி நின்றது. வழியெல்லாம் ஒரு நல்ல முன்னுரை தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"இதான் மேடம் அது."

மேடம் ஆந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேமராப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஆந்தையை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதே காது. அதே கண். பிறகு தலைகீழாகத் திருப்பினார். அடியில் மணல் போடுவதற்கான ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் 'பறவைகளை விரட்ட உத்தரவாதம்' என்று ஒட்டியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை விளையாட்டா?"

"ஆமா மேடம்."

"பதிவேட்டுல பதினஞ்சுன்னு இருந்ததே. நான் பாத்தேன்."

"கையுறையை ரெண்டா எண்ணிட்டேன் மேடம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அறையில் ஒரு கடிகாரம் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

"அந்தப் பத்தியை நேத்து அஞ்சு மணிக்குள்ள கேட்டேன்."

"ஆமா மேடம்."

"குடுக்கல."

"குடுக்கல மேடம்."

"ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். மூணு பக்க அறிக்கை. தலைமையகத்துக்கு, மூணு பல்கலைக்கழகத்துக்கு, பத்திரிகைக்கு. எல்லா முகவரியும் போட்டாச்சு. உன் பத்தி ஒண்ணுதான் பாக்கி. இவனை நம்பி உக்காந்தது என் தப்பு, இது இல்லாமலே அனுப்பிடலாம்னு விரலை வெச்சேன். அப்புறம் காலைல பாத்துக்கலாம்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்ப இன்னும் போகலையா மேடம்?"

"போகல."

மேடம் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் முழுதும் குடித்தார். இன்னொரு தம்ளர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் தோள் இரண்டும் இரண்டு அங்குலம் கீழே இறங்கியிருந்தன. ஒரே ஒரு பொத்தானை அழுத்தி அறிக்கையை அழித்தார். நிஜமாகவே அழிந்துவிட்டதா என்று இரண்டு முறை திறந்து பார்த்தார். பயந்தது நான் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இது மூணாவது" என்றார்.

"ஆமா மேடம். என் மேசையைக் காலி பண்ணிடறேன். ஆனா சனிக்கிழமை பாதையைத் திறந்து வெச்சுடுங்க. நாலு வீல்சேர் வருது. அதுக்காகத்தான்..."

"நான் இன்னும் முடிக்கல. முதல் ரெண்டும் ஊரே சொல்லி எனக்குத் தெரிஞ்சுது. இது நீயா கொண்டுவந்து மேசைல வெச்சது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்." அவர் காலண்டரைப் பார்த்தார். "திங்கட்கிழமை கையெழுத்துப் போட மாட்டேன். இன்னும் மூணு மாசம் நீட்டிக்கறேன். இனிமே நீ எண்ணின பிறகு இன்னொருத்தர் எண்ணணும்."

"யார் மேடம்?"

"வாசல்ல செருப்பு தெரியுதே, அவர்."

மூன்று மாத நீட்டிப்புக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் எங்கள் துறையில் இருந்திருக்க மாட்டான். இரண்டு முறை நன்றி சொன்னேன். இரண்டாவது முறை ஆந்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

பாதையைத் திறப்பதற்கு ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் அச்சிட்டிருந்தன: குஞ்சுகள் பறந்தன, கூடு கைவிடப்பட்டது, பறவை இறந்தது, மற்றவை. மேடம் மூன்றாவது கட்டத்தின் மேல் பேனாவை ஒரு கணம் நிறுத்தினார். இறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அது செய்யவில்லை என்பதால் 'மற்றவை'யில் குறியிட்டார்.

"இன்னொண்ணு" என்றார் நான் கிளம்பும்போது. "டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும்."

என் சந்தோஷத்தில் பாதி அங்கேயே போனது. மேடத்திடம் சொல்வதைவிட இது கஷ்டம். மேடம் திட்டினால் வேலைதான் போகும். அந்த மனிதருக்குப் பெயர் போகும்.

அவர் பத்து மணிக்கு முக்காலியோடு வந்தார். வழக்கமாகப் பலகைப் பாதையில் முதலில் போய் நிற்பவர், அன்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது, சக்கரத்தில் காற்றுப் போகிற மாதிரி.

"அப்பாடா" என்றார் பல் டாக்டர்.

"டாக்டர்?"

"மரத்துக்குக் கீழ எச்சம் இல்ல தம்பி. ஒரு சொட்டு இல்ல. நேத்து மத்தியானம் கயித்துக்கு வெளியில நின்னு தொலைநோக்கில பாக்கும்போதுதான் கவனிச்சேன். எந்த ஆந்தை ரெண்டு நாள் எச்சம் போடாம உக்காந்திருக்கும்? ஆனா அதுக்குள்ள நாலு பேர் போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிட்டாங்க. என் பையன் வெளியூர்லருந்து 'அப்பா, பெருமையா இருக்கு'ன்னான். அவன் அப்படிச் சொன்னதே இல்ல. முப்பது வருஷம் அடுத்தவன் வாயைத் திறக்க வெச்சவன் நான். என் வாயை என்னால திறக்க முடியல. ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல. ஒண்ணு சந்தோஷத்துல, ஒண்ணு சந்தேகத்துல."

"உங்க பையன்கிட்ட என்ன சொல்வீங்க?"

"பிளாஸ்டிக்குன்னு சொல்லுவேன். சிரிப்பான். அவன் சிரிச்சும் ரொம்ப நாளாச்சு." குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பேனாவை மூடும்போது அவரே சிரிக்க ஆரம்பித்து, பிறகு நிறுத்த முடியாமல் இருமினார்.

அதன் பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்தேன். "பாதை திறந்தாச்சு" என்றேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் திட்ட ஆரம்பித்தாள். ஏழு நிமிடம். நேற்று வைத்திருந்த பாக்கியையும் சேர்த்துத் திட்டினாள். காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. சாய்பலகை இறங்கியது. பதினோரு பேரும் பலகைப் பாதையில் ஏறினார்கள். சக்கரங்கள் பலகை இடுக்குகளில் தடக் தடக் என்று போயின. முதல் நாற்காலியில் ஒரு பெண். பத்து வயது இருக்கும். எல்லோரும் அவளை 'கேப்டன்' என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாளாகக் கை பழகியவள் அவள்தான். அவள் நின்றால் பின்னால் வரும் எல்லோரும் நிற்க வேண்டும், பாதையின் அகலம் அவ்வளவுதான்.

நான்காம் வளைவில் அவள் கையை உயர்த்தினாள். ஊர்வலம் நின்றது.

"அங்க ஆமை" என்றாள்.

தண்ணீரில் பாதி மூழ்கிய ஒரு கட்டையின் மேல் ஆமை. தலை நீட்டி, கால் நீட்டி, வெயிலில். அழகாக இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம்.

"அது ஏன் நகரவே மாட்டேங்குது?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

அலமாரியை மனதுக்குள் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆமை நம்மிடம் இருந்ததா? யாராவது நன்கொடையாகக் கொடுத்தார்களா? விசில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு ஏழு நிமிடம் இருந்தது.

"டேய்" என்றாள் மெதுவாக, "இதுவும் உன்னோடதா?"

"தெரியலக்கா."

கேப்டன் மட்டும் பைனாகுலரை இறக்கவில்லை. இரண்டு முழங்கையையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி, வாய் லேசாகத் திறந்திருக்க, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணை மூடித் திறக்குது" என்றாள்.

யாரும் நம்பவில்லை, குறிப்பாக நான். அந்த நொடியில் ஆமை கழுத்தைத் திருப்பி எங்கள் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இவ்வளவு கூட்டம் தனக்கு ஆகாது என்பதுபோல, தொபுக்கென்று தண்ணீருக்குள் குதித்தது.

பதினோரு பிள்ளைகளும் கைதட்டினார்கள். அவர்களைவிடச் சத்தமாகக் கைதட்டியவன் சரணாலய ஊழியன் ஒருவன். பாதையில் கைதட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. விசில் அண்ணன் அதற்காக அவனை நோக்கி நீளமாக ஒரு விசில் ஊதினார்.